மழை எந்தப் பக்கம், எந்த நேரம்? கொழும்பிலிருந்து ஒரு முழுமையான பயண வழிகாட்டி

வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது எனக்கு இந்தப் போன் வரும். கனடாவிலிருந்து மச்சாள் எடுப்பாள், இல்லையென்றால் சென்னையிலிருந்து அப்பாவின் பழைய சிநேகிதர் குடும்பம். டிக்கெட் போட்டாயிற்று, லீவு எடுத்தாயிற்று. எல்லாம் முடிந்த பிறகு கேட்பார்கள்: "அந்த நேரம் அங்கே மழையாமே, வரலாமா?"

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். பல்கனியில் நின்றால் ரயில் பாதையும் அதற்கப்பால் கடலும் தெரியும். மேற்கே கறுத்துக்கொண்டு வரும் மழை, கரையைத் தொடுவதற்குப் பத்து நிமிடம் முன்னரே கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடல் முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு தூரத்தில் நிற்கும் கப்பல்கள் ஒவ்வொன்றாக மறையும். கொடியில் காயும் துணியை எடுக்க அவ்வளவு நேரம் போதும். இத்தனை வருடம் இந்த மழையோடு வாழ்ந்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: "இலங்கையில் மழையா?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தப் பக்கம், எந்த நேரம் என்று கேட்டால் சொல்லலாம்.

1. முதலில் மாதம், அப்புறம் பக்கம்

தீவின் நடுவில் மலை நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கொண்டுவரும் மழையை அந்த மலையின் மேற்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. கொழும்பு, களுத்துறை, காலி, இரத்தினபுரி, கினிகத்தேனை எல்லாம் நனையும். கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் வரை பெய்யும். கொழும்பில் பெய்வது அதில் பாதி அளவுதான். அதே காற்று மலையைத் தாண்டி மட்டக்களப்புக்கு இறங்கும்போது ஈரமே இருக்காது. அங்குள்ளவர்கள் அதைக் கச்சான் என்பார்கள், புழுதியும் வெக்கையுமாக வீசும். நாங்கள் இங்கே குடையோடு ஓடும் ஜூலையில் பாசிக்குடாக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வாடைக்காற்று வடக்கையும் கிழக்கையும் நனைக்கும். கொழும்பிலும் தெற்குக் கரையிலும் வானம் வெளுத்திருக்கும். தேயிலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மலையின் கிழக்குப் பக்கமான ஊவாவின் நல்ல தேயிலை ஜூலை முதல் செப்டெம்பர் வரை, மேற்குப் பக்கமான திம்புள்ளையின் நல்ல தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை. மழை ஓய்ந்து காய்ந்த காற்று வீசும்போதுதான் கொழுந்தில் வாசம் ஏறும். ஆகவே ஜூலையில் மலைநாட்டுக்கு வருகிறவர்கள் பண்டாரவளை, எல்ல, பதுளைப் பக்கம் தங்குங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வருகிறவர்களுக்கு ஹட்டன், நுவரெலியா நல்லது.

மாதவாரியாகச் சொன்னால் இப்படி வரும்.

ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை: முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தக் காலம்தான். கொழும்பு, காலி, மிரிஸ்ஸ, மலைநாடு எல்லாம் பார்க்கலாம். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலமும் இதுவே. அது டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி வெசாக் போயாவோடு முடியும்.

மார்ச் கடைசி, ஏப்ரல்: காலையில் நல்ல வெயில், பின்னேரம் இடி. புத்தாண்டை ஒட்டி 13, 14ஆம் திகதிகளில் கொழும்பில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சாப்பாட்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மே, ஜூன்: மேற்குக் கரையில் கடல் பொங்கும். மே மாதம் கொழும்பில் வெள்ளம் வரக்கூடிய மாதம். 2016, 2017 இரண்டு வருடமும் மே மாதத்தில்தான் பெருவெள்ளம் வந்தது.

ஜூலை, ஓகஸ்ட்: பிள்ளைகளின் விடுமுறைக்கு வருகிறவர்கள் பயப்பட வேண்டாம். திருகோணமலை, நிலாவெளி, அறுகம்பே, யாழ்ப்பாணம், அநுராதபுரம், சிகிரியா எல்லாம் காய்ந்திருக்கும். நல்லூர்த் திருவிழாவும் இந்த நாட்களில்தான். கொழும்பில் இரண்டு நாள் போதும்.

ஒக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை: இந்தக் காலத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்வேன். பின்னேர இடிமழையோடு வங்கக் கடலின் தாழமுக்கங்களும் புயல்களும் சேரும் நேரம் இது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் கொண்டுபோனது. மலைநாட்டில் வீடுகளும் வீதிகளும் ரயில் பாதையும் மண்ணோடு சரிந்தன. அந்த ஊர்களின் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் எங்களுக்கு மனம் கலங்கும்.

2. திருப்பக்கூடிய வழியைப் போடுங்கள்

ஒரு மே மாதம் மாமி குடும்பத்தை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு மாதம் முன்னரே முழுப் பணமும் கட்டி அறை எடுத்திருந்தோம். கினிகத்தேனைக்குக் கொஞ்சம் முன்னால் வீதியில் மண் இறங்கிவிட்டது. வான் வண்டிக்குள் ஐந்து மணி நேரம், சின்னவனுக்கு வாந்தி, மாமிக்குச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை பெட்டிக்குள், பெட்டி வானின் கூரையில் படங்குக்குக் கீழே. இருட்டிய பிறகு திரும்பிக் கொழும்புக்கே வந்தோம். ஹோட்டல்காரர் ஒரு சதமும் திருப்பித் தரவில்லை. அதற்குப் பிறகு நான் விடாமல் பின்பற்றும் விதிகள் இவை.

மலைநாட்டைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். விமானத்துக்கு முந்தைய இரண்டு இரவும் கொழும்பிலோ நீர்கொழும்பிலோ இருக்க வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையம் நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். அதிவேக வீதி இருக்கிறதுதான், ஆனால் அந்த வீதியைப் போய்ப் பிடிப்பதற்குள்ளேயே மழை நாளில் ஒரு மணி நேரம் போய்விடும்.

மழை மாதங்களில், இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய அறையை மட்டும் எடுங்கள், விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. ஒரு ஊருக்கு ஒரு இரவு என்று ஓடாமல் இரண்டு இரவு வையுங்கள். ஒரு நாள் மழையில் போனாலும் மறுநாள் மிஞ்சும். ஊர்களைக் குறையுங்கள். பத்து நாளில் தீவு முழுவதையும் சுற்ற நினைத்து வந்தவர்கள் வான் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்கள்.

வான் பிடிக்கும்போது சாரதியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்: பாதை மூடினால் திட்டத்தை மாற்றலாமா, மாற்றினால் கூலி எப்படி? அனுபவமுள்ள சாரதி இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வார். காலை ஐந்தரை, ஆறுக்குப் புறப்பட்டு மதியத்துக்குள் போய்ச் சேர்வதுதான் மலைப்பாதைக்கு அழகு. இரவில், மழையில், மலைப்பாதையில் போக வேண்டாம்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பதுளைப் பக்கம் போகும் ரயிலுக்கு முப்பது நாள் முன்னரே முன்பதிவு தொடங்கும். டிக்கெட் எடுக்கும் முன், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை ரயில் ஓடுகிறது என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

3. பெட்டிக்குள் என்ன வைப்பது

குடையை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வர வேண்டாம். காலி வீதியில் நாலு கடைக்கு ஒரு கடையில் குடை இருக்கும், வெயிலுக்கும் அதுவே உதவும். ஆனால் ஜூன் மாதக் கடற்காற்றில் சின்ன மடக்குக் குடை இரண்டே நாளில் கம்பி வளைந்துவிடும். கம்பி உறுதியான நீளக் குடையாகப் பார்த்து வாங்குங்கள். மலைநாட்டுக்கு மட்டும் தலைமூடி வைத்த மழையங்கி வேண்டும். அங்கே மழையோடு குளிரும் சேர்ந்து வரும்.

துணியில் ஜீன்ஸைக் குறையுங்கள். மே மாதக் காற்றின் ஈரத்தில் ஒரு ஜீன்ஸ் காய இரண்டு நாள், அதற்குள் அதில் ஒரு வாடையும் பிடித்துவிடும். மெல்லிய பருத்தித் துணியும் ஒரு மெல்லிய துவாயும் போதும்.

காலுக்கு, பின்னால் பட்டி வைத்த ரப்பர் செருப்பு. வழுவழுப்பான அடி உள்ள செருப்போடு நனைந்த நடைபாதையில் இறங்க வேண்டாம். கோயில், விகாரை எங்கே போனாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். மழை நாளில் அந்தக் கருங்கல் தரை வழுக்கும்; வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். சப்பாத்து நனைந்துவிட்டால் வெயிலுக்குக் காத்திருக்காதீர்கள். உள்ளே இருக்கும் அட்டையைக் கழற்றி எடுத்துவிட்டு, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி நுனி வரை திணித்து, மின்விசிறிக்குக் கீழே சாய்த்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் நொதநொதத்துப் போயிருக்கும். அதை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வையுங்கள். இப்படி மூன்று தடவை மாற்றினால் காலையில் போட்டுக்கொள்ளலாம். இது எங்கள் வீட்டில் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு இன்றும் செய்வது.

கடவுச்சீட்டு, காசு, போன் மூன்றுக்கும் தனித்தனியாகத் தடித்த பொலித்தீன் பை. அன்றாட மாத்திரைகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மாமியின் மாத்திரை தந்த பாடம் அது.

4. வானிலை அறிக்கையை வாசிக்கும் முறை

போனில் இருக்கும் வானிலைச் செயலி பத்து நாளுக்கும் இடிமேகப் படத்தைப் போட்டுக் காட்டும். அதைப் பார்த்துப் பயணத்தை ரத்துச் செய்தவர்கள் உண்டு. அந்தப் படம், நாளில் ஏதோ ஒரு நேரம் மழை பெய்யலாம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைத் தமிழிலேயே பாருங்கள். அதில் மாகாணத்தின் பெயரும் நேரமும் இருக்கும். "பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்ற வரி வந்தால், காலை முழுவதும் உங்களுக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். "100 மில்லிமீட்டருக்கும் அதிகமான பலத்த மழை" என்று வந்தால் அந்த மாகாணத்தில் அன்று நீண்ட பயணம் வேண்டாம்.

மலைநாட்டுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். செம்மஞ்சள் வந்த ஊருக்குப் புதிதாகப் போகாதீர்கள். அங்கேயே இருந்தால் அன்று பகலிலேயே இறங்கிவிடுங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அறியாத ஒன்று களனி கங்கை. மலையில் கொட்டிய மழை ஆற்றோடு இறங்கிக் கொழும்புக்கு வர ஒரு நாள், சில வேளை அதற்கும் மேல் எடுக்கும். மழை விட்டு வெயில் எறிக்கும் நாளில்தான் கடுவெலையிலும் கொலன்னாவையிலும் தண்ணீர் ஏறும். அதனால் நாங்கள் வானத்தைப் பார்ப்பதோடு அந்த ஆற்றின் நாகலகம் வீதி நீர்மட்டத்தையும் கேட்போம், செய்தியில் அதை அடிக்கணக்கில் சொல்வார்கள். அந்தக் கணக்கு ஏறும் நாளில் அவிசாவளைப் பாதையையும் கித்துல்கலையில் படகுச் சவாரியையும் விட்டுவிடுங்கள்.

5. கொழும்பில் ஒரு மழை நாள்

இடிமழை மாதங்களில் காலை வெளியே, பின்னேரம் கூரைக்குக் கீழே என்று நாளைப் பிரியுங்கள். காலை ஏழு மணிக்குப் புறக்கோட்டை. செட்டியார் தெருவில் நகைக்கடைகள் திறக்கும் முன்பே கதிர்வேலாயுத சுவாமி கோயிலில் கும்பிட்டுவிட்டு, 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்து, அப்படியே கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வரை நடக்கலாம். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் அங்கேதான், முழுக்கக் கருங்கல். மழையில் நனைந்த அந்தத் தூண்களில் விளக்கொளி விழுவதைப் பார்க்க வேண்டும். எனக்குக் கொழும்பில் மிகப் பிடித்த இடம் அது.

இரண்டு மணிக்குப் பிறகு தேசிய நூதனசாலை. 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம், உள்ளே மூன்று மணி நேரம் போவதே தெரியாது. கங்காராமய விகாரையின் காட்சிக்கூடமும் கோட்டையில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியின் கடைகளும் கூரைக்குக் கீழேதான். தாமரைக் கோபுரத்துக்கு மட்டும் மேகமில்லாத நேரம் பார்த்துப் போங்கள். 350 மீட்டர் உயரம். மழை நாளில் மேலே ஏறினால் வெள்ளைப் புகையைத் தவிர ஒன்றும் தெரியாது.

ஆட்டோவைச் செயலியில் பிடியுங்கள், கூலி முன்னரே தெரிந்துவிடும். மழை தொடங்கியதும் கூலி ஏறும், வண்டியும் கிடைக்காது. ஆகவே இருட்டிக்கொண்டு வரும்போதே பிடித்துவிடுங்கள். இருபக்கமும் படங்கை இறக்கிவிடச் சொல்லுங்கள். அப்படியும் பக்கவாட்டில் தெறிக்கும், பட்டுச் சேலைக்காரர் நடுவில் உட்காரட்டும். காலி வீதியில் 100, 101 பஸ்கள் எப்போதும் ஓடும், ஆனால் மழை நாளில் நடைபாதைக்கும் பஸ்ஸின் படிக்கும் நடுவில் ஒரு சின்ன ஓடையைத் தாண்ட வேண்டியிருக்கும். நிறம் மாறிய தண்ணீர் தேங்கிய இடத்தில் காலை வைக்காதீர்கள், கீழே மூடியில்லாத வடிகால் இருக்கலாம். கால்வாய்க்கரை ஒழுங்கைகளில் தண்ணீர் முதலில் ஏறும். தங்கும் இடம் எடுக்கும்போது "மழைக்கு இந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்குமா?" என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள். உண்மையைச் சொல்வார்கள்.

கரையோர ரயில் மழையிலும் அழகு. கோட்டையிலிருந்து தெற்கே போகும்போது கடல் வலப்பக்கம். தென்மேல் காற்றுக் காலத்தில் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், போனுக்கு ஆபத்து. கடலில் இறங்குவதைப் பற்றி ஒரே வார்த்தை: மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பு, கல்கிசை, காலிப் பக்கம் இறங்காதீர்கள். முழங்காலளவு தண்ணீரில் நின்றவர்களையும் அடியிழுப்பு இழுத்திருக்கிறது. காலி முகத்திடலில் இறால் வடை வாங்கிக்கொண்டு, கரையில் நின்று அலையைப் பாருங்கள்.

பின்னேரம் நனைந்து வந்தால் வெள்ளவத்தையில் எந்தச் சைவக் கடையிலும் சூடான உளுந்து வடையும் இஞ்சி போட்ட பிளேன்டியும் (பால் விடாத தேநீர்) கிடைக்கும். தொண்டை கரகரத்தால் மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர். நீங்கள் தங்கும் வீட்டில் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

6. மலையிலும் காட்டிலும்

சிங்கராஜ வனத்திலும் ஈரமான பாதைகளிலும் அட்டை ஏறும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை போடுங்கள், அதன் வாயைச் சுற்றிச் சவர்க்காரம் பூசுங்கள். கடித்துவிட்டால் பதற வேண்டாம். நகத்தால் பக்கவாட்டில் மெல்ல நெம்பி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அழுத்திப் பிடித்தால் போதும்.

அருவிகளிலும் ஆறுகளிலும் குளிக்கும்போது தலைக்கு மேல் வெயில் இருந்தாலும் மலை உச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், உடனே கரையேறுங்கள். படம் எடுத்துக்கொண்டு நிற்கும் நேரமல்ல அது. தங்கும் இடத்துக்கு மேலே உள்ள சரிவில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று புதிய ஊற்று என்று ஏதாவது கண்டால், எச்சரிக்கை வரும் வரை காத்திருக்காமல் இடத்தை மாற்றுங்கள்.

7. காய்ச்சல்

மழைக்குப் பின் இங்கே டெங்கு வரும். அதைப் பரப்பும் நுளம்பு (கொசு) பகலில், அதுவும் காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும். நுளம்பு மருந்தைக் காலையிலேயே பூசுங்கள், பிள்ளைகளுக்கு நீளக் காற்சட்டை போடுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோபன் தொடவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். இரண்டாம் நாளே இரத்தம் சோதித்துவிடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கு சிக்கலாகும், ஆகவே "விட்டுவிட்டது" என்று பயணத்தைத் தொடராதீர்கள். ஊருக்குத் திரும்பிய பின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், இலங்கைக்குப் போய் வந்தேன் என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

காலில் புண்ணோடு வெள்ளத்திலோ வயலிலோ இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும்.

8. நிலைமை மோசமானால்

இந்த எண்களை இப்போதே போனில் போட்டுவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990, சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி 1912. ஒரு தாளிலும் எழுதிப் பையில் வையுங்கள், மின்சாரம் போனால் போனும் போகும். கையில் இரண்டு நாளுக்குப் போதுமான காசு நோட்டாக இருக்கட்டும்.

வெள்ள எச்சரிக்கை வந்தால் வாகனத்தோடு தண்ணீருக்குள் இறங்காதீர்கள், சாரதி துணிந்தாலும் நீங்கள் மறுத்துவிடுங்கள். இடி முழங்கும்போது திறந்த வெளியிலும் மரத்தடியிலும் நிற்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீரை விட்டு, மூடி உடைக்காத போத்தல் தண்ணீரைக் குடியுங்கள். பக்கத்தில் உள்ள கோயிலோ விகாரையோ பள்ளிவாசலோ பள்ளிக்கூடமோ அன்று திறந்திருக்கும். யார், எந்த ஊர் என்று கேட்காமல் ஒரு பிளேட் சோறும் படுக்கப் பாயும் தருவார்கள். தயங்காமல் போங்கள்.

புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை, ஈரத் துணிகளைத் தனிப் பொலித்தீன் பையில் கட்டி, பெட்டியின் மேல் பக்கம் வையுங்கள். வீட்டுக்குப் போனதும் முதலில் வெளியே எடுக்க வேண்டியது அதைத்தான்.